அடிமாட்டு விலை

போன தவக்காலத்தில், மாதா கோவிலில் வெள்ளிக்கிழமை விருந்துக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது லொரெட்டா எனக்கு இதைச் சொன்னாள். வயதானவர்களை அவரவர் வீட்டிலேயே போய்க் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

வெண்டல் என்கிற பெரியவர் வீட்டில் அவள் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவருக்கு மறதி நோய். மனைவி ஆர்லீனின் பெயரே சில நாள் வாயில் வராது. ஆனால் வீட்டு முன்னால் நிற்கும் எழுபத்தொன்றாம் வருஷத்துச் செவெல் காரின் எஞ்சின் நம்பரை மட்டும் தப்பில்லாமல் ஒப்பிப்பார்.

கார் கண்ணாடியில் அவர் கைப்பட எழுதிய அட்டை ஒன்று இருந்தது. 'விற்பனைக்கு. அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டாம். என்னிடம் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.'

சனிக்கிழமை ஆர்லீன் ரொட்டிக் கடை வேலைக்குப் போனதும் டுவெய்ன் என்று ஒருத்தன் வருவான். பானெட்டைத் திறந்து பார்ப்பான், டயரைக் காலால் தட்டுவான், பழைய கார்ப் பிரியர்கள் நாற்பதாயிரம் டாலர் கொடுக்கும் வண்டியை எட்டாயிரத்துக்குக் கேட்பான்.

"துரு ஏறிக் கெடக்கே, பெரியவரே."

"துரு உன் மண்டையிலதான் ஏறியிருக்கு. எட்டாயிரத்துக்குப் புல்லு வெட்டுற மெஷின் கிடைக்கும். அதை வாங்கி, அதுலயே ஏறி வீடு போய்ச் சேரு."

போய்விடுவான். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்து நிற்பான்.

லொரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ ஒரு நாள் பெரியவர் நினைவு தப்பி, சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டால்? அந்த மாதம் இரண்டு வீட்டு வேலை அவளுக்கு. சரியான தூக்கம் கிடையாது, பொறுமைக்கும் தெம்பில்லை. மூன்றாவது வாரம் அவனை வழியிலேயே மறித்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வெட்கமா இல்ல? பொண்டாட்டி பேரே மறந்துபோன மனுஷன்கிட்ட பேரம் பேச வர்றீங்களே. இனி இந்த வாசல்ல கால் வெச்சா போலீசைக் கூப்பிடுவேன்."

டுவெய்ன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வராந்தாவில் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.

பெரியவர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், நான் உள்ளே வந்த நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். சூப் ஆறிப்போயிற்று. மூன்று மணிக்கு எழுந்தார்.

"யாருக்கும் வேணாம் போல," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆர்லீன் வேலை முடிந்து வந்ததும் லொரெட்டா நடந்ததையெல்லாம் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. ஆர்லீன் கையில் ஒட்டிய மாவோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாத்திரை, குளியல், தூக்கம், எல்லாம் சொன்னேன் கண்ணு. இதைச் சொல்ல விட்டுப்போச்சு. அந்த வண்டியை நான் வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. வித்த அன்னிக்கு இவர், வண்டி களவு போயிடுச்சுன்னு தெருத்தெருவா அழுதுக்கிட்டுத் தேடினார். வாங்கினவன் சாயந்திரமே கொண்டுவந்து, நின்ன இடத்துலயே நிறுத்திட்டான். அட்டையைத் திரும்ப ஒட்டினதும் அவன்தான். நான் சொன்ன விலையில ஒரு காசு குறைக்காமக் கொடுத்த மனுஷன்."

"யாரு அது?"

"நீ விரட்டிவிட்டியே, அவன்தான்."

அன்றைக்கே லொரெட்டா அவன் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். மறு சனிக்கிழமை டுவெய்ன் வந்து ஏழாயிரத்துக்குக் கேட்டான். பெரியவர் திட்டிய திட்டு எதிர்வீடு வரை கேட்டதாம். அன்று சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாராம்.

நீங்களும் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து, அந்த அட்டையைப் பார்த்தால், ஒரு நிமிஷம் இறங்கி விலை கேளுங்கள். குறைத்தே கேளுங்கள்.