ஆறு பிரதிகள்

பொன்னேரி ஸ்டேஷன் புத்தகக் கடை முன்னால் ரோஸ்லின் வந்து நின்றாள். இந்த மாத இளைஞர் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு அவள் படம். தோழியின் பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறாள். நைனா பார்த்துவிட்டால் காலேஜ் இன்றோடு முடிந்தது.

"அண்ணே, அந்த புக்கு எத்தினி கீது? அல்லாத்தையும் குடுங்க."

"ஆறு வந்துச்சு. ஆறையும் காலீலயே உங்க நைனா வாங்கினு பூட்டாரும்மா. நான்தான் படத்தைக் காட்டுனேன்."

வீடுவரை அவள் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடித்தால் தாங்கிக்கொள்ளலாம். படிப்பை நிறுத்தினால்?

உள்ளே அப்பா ஆசீர்வாதம் பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கத்திரிக்கோல்.

"நைனா, தெரியாம பண்ணிட்டேன்..."

"இன்னாத்துக்கு அழுவுற? ஸ்டுடியோக்காரன்கூட இவ்ளோ லட்சணமா புடிக்க மாட்டாம்மா!"

அவர் சிரித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அப்போ நாளைக்கு காலேஜுக்குப் போலாமா நைனா?"

"இனிமே இன்னாத்துக்கு? தரகர் சொன்ன ஆறு மாப்ள ஊட்டுக்கும் மூஞ்ச மட்டும் வெட்டி தபால்ல போட்டுட்டு வந்துட்டேன். எவங்க மொதல்ல வராங்களோ, அங்கயே முடிச்சிடலாம்."

அப்போதுதான் அவள் பாயைப் பார்த்தாள். ஆறு பெல்பாட்டங்கள், இடுப்பில் கை வைத்தபடி, தலையில்லாமல் கிடந்தன.