இரண்டு மடிப்பு

பள்ளியில் தந்த பெட்டியில் அட்டை இறக்கையும் வாலும் பசையும் இருந்தன. வாரம் ஒரு கிளைடர் செய்து பறக்கவிட வேண்டும். முதல் வாரம் அது தூரமாகப் போக வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் சத்தமில்லாமல். இந்த வாரம் ஜன்னல் கம்பிக்குள் நுழைய வேண்டுமாம்.

"ஏட்டி, ஜன்னலுக்குள்ள எதுக்கு?" என்று ரெஜினா மகள் ஷைனியிடம் கேட்டாள்.

"காத்து எப்படி வளையும்னு பாக்கத்தானாம். மிஸ் சொன்னாவ."

ஷைனி வலது இறக்கையின் நுனியை இரண்டு முறை மடித்தாள். கிளைடர் கம்பிக்கு முன்னால் லேசாகத் தலைசாய்த்து உள்ளே நுழைந்தது. வகுப்பில் அதற்குத்தான் முதல் பரிசு. ஆனால் கிளைடர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

"நல்லா பறக்கிறத பெட்டி குடுத்தவியளே வச்சிக்கிடுவாவளாம்மா."

ரெஜினாவுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். அதை நடத்தும் ராயப்பன் அண்ணாச்சி எதிர்வீட்டில் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். மாடியில் மகளோடு துணி உலர்த்திக்கொண்டிருந்த ரெஜினா, கையகலத்தில் சாம்பல்நிறமாய் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அவர் ஜன்னலை நெருங்குவதைப் பார்த்தாள். அது அட்டை இல்லை. ஆனால் கம்பிக்கு முன்னால் லேசாகத் தலைசாய்த்தது.

"எம்மா, அது நான் மடிச்ச மாதிரியே இருக்கு" என்றாள் ஷைனி, பெருமையாக.

அண்ணாச்சியைக் கூப்பிட வாயெடுத்த ரெஜினா, கூப்பிடாமல் மகளின் வாயைப் பொத்தினாள்.