வேகம் கேட்ட மீட்டர்

எபனேசரின் கல்யாண வீடியோ கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் ப்ராசஸர், பெட்டியில் போட்டிருந்த உச்ச வேகத்தைத் தொடவே இல்லை. சூடுதான் காரணம் என்று ஃபேனை மாற்றினார். அப்படியும் ஏறவில்லை. நொடிக்கு நொடி வேகத்தைக் கண்காணிக்க, மீட்டர் என்றொரு மென்பொருளை உள்ளே ஏற்றினார்.

மீட்டர் ஓயாமல் கேட்டது: "இப்ப என்ன வேகம்? இப்ப?"

"எனக்குள்ள கோர்னு எட்டுப் பேர் வேலை பாக்குறாங்கப்பா. ஏழு பேர் தூங்கினாத்தான் ஒருத்தன் தலைதெறிக்க ஓட முடியும். நீ எட்டுப் பேரையும் எழுப்பி எழுப்பிக் கேட்டா எப்படி?" என்றது ப்ராசஸர்.

"கேட்காம எப்படித் தெரியும்?" என்றது மீட்டர்.

ஒருநாள் மாப்பிள்ளை வீட்டார் பதறி வந்தார்கள். வீடியோவில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. விட்டுப்போயிருந்தது. ரிசப்ஷனுக்கு நேரமாகிவிட்டது. எபனேசர் மற்ற எல்லாவற்றையும் மூடினார், மீட்டரையும் சேர்த்து. ஏழு பேர் தூங்கினார்கள், ஒருத்தன் ஓடினான். வந்தவர்களின் டீ ஆறுவதற்குள் பி.இ. ஏறிவிட்டது.

"அப்பாடா, நான் பிழைச்சேன்" என்றது ஃபேன்.

அவர்கள் போனதும் எபனேசருக்கு ஆசை வந்தது. "இன்னைக்கு எவ்வளவு தொட்டிருக்கும்?" என்று மீட்டரைத் திறந்தார். எட்டுப் பேரும் எழுந்தார்கள். வேகம் பழையபடி கீழேயே நின்றது.

"இந்த ஃபேனும் சரியில்ல" என்று திருப்புளியை எடுத்தார்.

"நடந்ததை நீயாவது சொல்லேன்!" என்று ஃபேன் கெஞ்சியது.

"எங்க சொல்றது? இந்த மீட்டர் கேக்குறதுக்கே பதில் சொல்லி முடியல" என்றது ப்ராசஸர்.