பழைய கப்பலில் ஒரு பங்கு

"பங்கு போட்டா கப்பலுக்குள்ள போயிப் பாக்க உடுவாங்களா, அம்மணி?"

காளிச்சாமி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"உடுவாங்கய்யா. துறைமுகத்துக்கு வர்றப்ப நாங்களே கூட்டிட்டுப் போறோம்," என்றாள் பிரவீனா. சரக்குக் கப்பல்களில் பங்கு விற்கும் அந்த நிறுவனம் அவிநாசி சாலையில் அலுவலகம் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "ஆனா நீங்க கேக்கறது பழசுங்க. பத்தொம்பது வருசம் ஓடிருச்சு. இன்னும் அஞ்சாறு வருசத்துல உடைக்கப் போயிரும். புதுசுல போடுங்க. வருமானம் ரெண்டு மடங்கு."

திரையில் இரண்டு கப்பல்கள் இருந்தன. காளிச்சாமி பழைய கப்பலின் மேல் விரலை வைத்தார்.

"இதுதானுங்க வேணும்."

பக்கத்து நாற்காலியில் சோமனூர் கோபாலசாமி உட்கார்ந்திருந்தார். தறிகளை விற்ற பணத்தைப் புதுக் கப்பலில் போட்டுக் கையெழுத்தும் முடித்துவிட்டார். காப்பி வரும் என்று காத்திருந்தார்.

"ஏனுங்க, மாட்டுச் சந்தைன்னு நெனச்சுப்போட்டீங்களா? பல்லைப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குவீங்களாக்கும்?"

"பாக்காம எப்படீங்க வாங்கறது?"

"மொதல்ல கடலைப் பாத்திருக்கீங்களா?"

"கொச்சிக்கு ஒருக்காப் போனமுங்க. துறைமுகத்துக் கேட்டுக்கிட்டயே நிறுத்திப்போட்டாங்க. உள்ளே உடலை."

"அந்த ரோசத்துக்குக் கப்பலையே வாங்கறீங்களா!" கோபாலசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

காளிச்சாமியும் கொஞ்சம் சிரித்தார்.

தொண்டாமுத்தூரில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. அவருக்கு இருந்ததே அவ்வளவுதான். போன வாரம் அதை விற்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பிரவீனாவுக்குப் படிவத்தை நீட்டக் கை வரவில்லை.

"ஐயா, இதுல நட்டம் வந்தா வேற ஏதாச்சும் வழி வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அம்மாவுக்குச் சம்மதமுங்களா?"

காளிச்சாமிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நஞ்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எல்லா எடமும் காட்டுவாங்களா, அம்மணி?" என்று கேட்டார் காளிச்சாமி.

"காட்டுவாங்கய்யா. மேல் தளம், கேப்டன் ரூம், எஞ்சின்..."

"சமையக்கட்டு?"

"காட்டச் சொல்றேங்க."

"கறி வெக்கற குளிர் ரூம்பு?"

"கப்பலப் பாக்கப் போறீங்களா, கெடா விருந்துக்குப் போறீங்களா?" என்றார் கோபாலசாமி.

பிரவீனாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுவும் இருக்குதுங்க. மைனஸ் பதினெட்டு டிகிரி. ஆறு மாசம் ஆனாலும் ஒண்ணும் கெடாது."

"அதையும் காட்டுவோம்னு இதுல எழுதிக் குடுங்க."

பிரவீனா படிவத்தின் ஓரத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். காளிச்சாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

அப்போதுதான் நஞ்சம்மாள் பேசினாள்.

"அந்த ரூம்பு எத்தனை நீளமுங்க, அம்மணி?"

"தெரியலீங்கம்மா. கேட்டுச் சொல்றேன். எதுக்குங்க?"

"கொரோனா வருசத்துல எம்பையன் அந்தக் கப்பல்ல வேலையில இருக்கறப்பவே செத்துப்போனானுங்க, எந்த ஊர்லயும் எறக்க உடலைன்னு நாப்பத்தொரு நாளு அந்த ரூம்புலதான் வெச்சிருந்தாங்க. நெட்டையன், நீட்டிப் படுக்க எடமிருந்துச்சா, காலை மடக்கி வெச்சிருந்தாங்களான்னு பாக்கோணுமுங்க."