சேணத்துக்குப் பின்னால்

காடு மேடெல்லாம் நாள் முழுக்கக் குதிரையில் சுற்றியதில் இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. வெயில் தாழ்ந்தபோது லாயத்துக்குத் திரும்பினேன். என்னை அழைத்துப்போக மனைவி வாசலில் காரோடு காத்திருந்தாள். பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த மகள் எழுந்து கையசைத்தாள்.

லாயக்காரர் சேணத்தைக் கழற்றினார். சேணம் இருந்த இடத்துக்குப் பின்னாலும், ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குதிரையின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.

“ரெண்டு பேரு ஏறக் கூடாதுன்னு காலையிலயே சொன்னேன்ல சார்? பாவம், வாயில்லா ஜீவன்.”

“நான் தனியாத்தான் போனேன்.”

“அப்போ பின்னால நனைஞ்சிருக்கறது மழையா?” என்று சிரித்தார். “சரி, அவங்களை எங்க இறக்கி விட்டீங்க?”

நான் வழியில் எங்கும் நிற்கவில்லை. வாசலைத் தாண்டியபோதுதான் குதிரை ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, பாரம் குறைந்ததுபோல நடந்தது.

காரை நோக்கி ஓடினேன். மகள் ஜன்னலோடு ஒட்டி, கால்களை மடக்கி, ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“கீழ இறங்கும்மா.”

“நகர்ந்து உட்காரச் சொன்னாங்கப்பா,” என்றாள் மெதுவாக. “நீதான் கூட்டிட்டு வந்தியாமே.”