பாய்லர் அறை

பிரஷர் மீட்டர் பழுது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார் பொறியாளர் நெடுஞ்செழியன். முள் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் தாங்கினால் அதிகம். பக்கத்துக் கூடத்தில் நாற்பது பேர் வேலையில் இருந்தார்கள்.

“உடனே நிறுத்துய்யா!”

பாய்லரை நிறுத்தும் சாவி ஆபரேட்டரின் இடுப்பில் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. “போன வாரம் எல்லார் முன்னாடியும் என்னை முட்டாள்னீங்க. முட்டாளுக்கு உங்க கணக்கு புரியாது சார். மீட்டர் சரியாத்தான் காட்டுது. சபுரா மேடம் சொல்லட்டும், நிறுத்துறேன்.”

சபுரா நெடுஞ்செழியனுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, அவரைத் தாண்டி மேலாளர் ஆனவள். அன்றிலிருந்து அவர் அவளோடு பேசியதில்லை. இப்போது நான்கு முறை அழைத்தார். விடுப்பில் இருந்தவளின் போன் அணைந்து கிடந்தது.

அவள் இங்கே வந்தால் இந்த மனிதரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்தப் பெயரை நினைவில் தேடினார். ஐந்து வருடமாக ஒரே இடத்தில் வேலை, ஒருநாளும் கேட்டதில்லை.

தரையில் மண்டியிட்டு ஆபரேட்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, தப்புதான். உங்க பேருகூட எனக்குத் தெரியாது. சொல்லுங்கண்ணே.”

குழாய்கள் அதிரத் தொடங்கின. ஆபரேட்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.