இருங்கோ

கோட்டை வாசலில் வரைபடம் இலவசமாகக் கொடுத்தார்கள். அவன் வாங்கவில்லை.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"நானும் இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று ரயிலில் இரண்டு முறை சொல்லியிருந்தான். ஒரு முறை சொன்னால் போதாதா?

கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் நான்கு வருஷம் அவன் பிரான்சில், அவள் வேலூரில். அவள் வந்து இறங்கி இருபது நாள்தான் ஆகிறது.

வேலூர்க்காரிக்குக் கோட்டை புதிதில்லை. ஆனால் இந்தக் கோட்டை மதிலுக்குள் ஓர் ஊரே குடியிருந்தது. எண்ணூறு வருஷத்துக் கல். வீடுகள், மாதா கோயில், சோப்புக் கடை, ஜன்னலில் யாரோ காயப்போட்ட போர்வை. எந்தச் சந்து எங்கே போகிறது என்று வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் கையை வீசிக்கொண்டு நடந்தான்.

கேட்டதற்கு, யூடியூபில் பார்த்தானாம்.

சரி. பார்த்திருக்கலாம்.

மதில்மேல் ஏறும் படி இந்நேரம் மூடியிருக்கும் என்றான். மூடித்தான் இருந்தது. அதுவும் யூடியூப் போலிருக்கிறது.

அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆசையாகக் கூட்டி வந்தவனை இப்படியா நோண்டுவது? போனில் குலுங்கிக் குலுங்கி அழுதவன் இவன். இங்கே தமிழில் பேச ஓர் ஆள் கிடையாது, நான்கு வருஷமாக வாயைத் திறக்கவில்லை, வந்துவிடு என்றவன். அந்த அழுகைக்காகத்தான் அரசுப் பள்ளி வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். டிஆர்பி பரீட்சை எழுதி வாங்கிய டீச்சர் வேலை. அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் சொன்னது மட்டும் பொய் என்றால், அவளுக்கு இங்கேயும் ஒன்றுமில்லை. அங்கேயும் ஒன்றுமில்லை.

சந்து முடிகிற இடத்தில் ஒரு காப்பிக் கடை. வெளியே ஒரு மேசை, இரண்டு இரும்பு நாற்காலி. கடைக்காரி வெள்ளைக்காரக் கிழவி, எழுபது வயதிருக்கும். இவர்களைக் கண்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

தமிழில் சொன்னாள்.

"வாங்கோ. இருங்கோ."

அவள் நின்றாள்.

வேலூரில் இருங்க என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். ரேஷன் கடையில் சொன்னால் நிற்போம். ஆஸ்பத்திரியில் சொன்னால் நிற்போம். உட்காரச் சொல்வதற்கு உக்காருங்க என்று தனியாக ஒரு வார்த்தை இருக்கிறது.

ஒரு நொடி கழித்துத்தான் அவளுக்கு நினைவு வந்தது. அவள் பள்ளியில் இலங்கை அகதி முகாம் பிள்ளைகள் படித்தார்கள். ஒருத்தியின் வீட்டுக்குப் போனபோது, பிள்ளையின் தாய் இப்படித்தான் இருங்கோ டீச்சர் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவள் பத்து நிமிஷம் வாசலிலேயே நின்றாள். திரும்பி வந்த அந்தத் தாய் பதறிப்போய் நாற்காலியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவர்கள் பேச்சில் இருங்கோ என்றால் உட்காருங்கள்.

யாரோ இலங்கைக்காரர் கிழவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கட்டும். இந்த ஊருக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். அதில் என்ன இருக்கிறது?

கிழவி அவனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே போய்விட்டாள்.

"ஏன் நிக்கிற?" என்றான் அவன்.

"இருங்கன்னு சொன்னாங்க இல்ல. அதான் நிக்கறேன்."

வேலூருக்குப் பக்கத்துக் குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், அப்போதுதான் தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.